இரண்டிலிருந்து எட்டு டிகிரி

மஸ்கட்டிலிருந்து இப்ரிக்கு
முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.
பக்கத்து சீட்டில் மருந்துப் பெட்டி,
பெல்ட் போட்டு உட்கார வைத்திருந்தேன்.
மூடியின் சின்னத் திரையில் 4.6.
இரண்டுக்குக் கீழே இறங்கினாலும் பாழ்,
எட்டுக்கு மேலே ஏறினாலும் பாழ்.
வெளியே நாற்பத்தாறு.

என்ன மருந்து என்று நான் கேட்பதில்லை.
இறாலுக்கும் இன்சுலினுக்கும்
எனக்கு ஒரே சாலை.
இந்த முறை கேட்டேன்.
டெலிவரி நோட்டில் பெயர் இருந்தது:
இருளப்பன் முனியாண்டி, இந்தியன், ஆண், 34.
அரபியில் யாரோ அதை
இர்லாபான் ஆக்கியிருந்தார்கள்.
கமுதியைச் சுற்றி நாலு ஊர் தாண்டினால்
இந்தப் பெயரைக் கூப்பிட ஆள் கிடையாது.

கார்கோ வாசலில் மூன்று முத்திரை.
அமைச்சகக் கவுண்டரில் ஒன்று.
பஹ்லா தாண்டி போலீஸ் நிறுத்தினார்.
"தவா" என்றேன்.
பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"யல்லா" என்றார்.

ஐசியூவில் விளக்கை அணைத்திருந்தார்கள்.
தண்ணீர்ப் பாட்டிலுக்கு மேல் துண்டு போட்டு மூடியிருந்தாள்
லிஜி சிஸ்டர்.
பார்த்தாலே தொண்டை இழுத்துக்கொள்கிறதாம்.

டாக்டர் ஷம்ஸா என் நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே
ஆங்கிலத்தில் சொன்னதில்
எனக்குப் புரிந்தது இவ்வளவு:
குதிமீனைக் கடித்தது நரி.
கிருமி ரத்தத்தில் போகவில்லை.
நரம்பைப் பிடித்துக்கொண்டு நடந்தே போயிருக்கிறது,
நாளைக்கு ஒன்றிரண்டு விரற்கடை.
இந்த மருந்தோ ரத்தத்தில் போகும்,
விரல் நுனிவரை போகும்,
மூளை வாசலில் மட்டும் நின்றுவிடும்.
ஆயிரத்தில் ஒன்று உள்ளே நுழைந்தால் பெரிது.

"அப்புறம் எதுக்கு மேடம் கொண்டுவரச் சொன்னீங்க?"

அந்தக் கதவு அவனைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்றாள்.
அதை அரைமணி நேரம் திறந்து வைக்க
எங்கெங்கோ பார்க்கிறார்களாம்.
எலிகளில் சில பிழைத்திருக்கின்றன.
நான் முதுகுத்தண்டு வழியாகக் கொடுத்துப் பார்க்கிறேன்,
உறுதி சொல்லமாட்டேன்.
சொல்லிவிட்டுக் கையுறை மாட்டினாள்.

எனக்கு முதலில் தோன்றியது இதுதான்:
காகிதமில்லாத ஒன்று ராத்திரியில் எல்லை தாண்டிவிட்டது,
ஏழு முத்திரை வாங்கியது வாசலில் நிற்கிறது.
நினைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
ஏனென்றால் லிஜி சொன்னாள்,

காகிதமில்லாதவன் அவன்தான்.
லேபர் கார்டு முடிந்து மூன்று மாதம்.
கடிபட்ட ராத்திரியே
குதிரைமசால் தோட்டத்திலிருந்து
பதினோரு கிலோமீட்டர் நடந்து
இதே ஆஸ்பத்திரி கேட் வரை வந்திருக்கிறான்.
முன்னால் நின்ற ஆளிடம் காவலாளி கார்டு கேட்டதைப் பார்த்து
திரும்பிப் போய்விட்டான்.

அன்றைக்குக் காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய மருந்து
கீழே பார்மசி ஃபிரிட்ஜில் இருந்தது.
இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள்தான்
இருந்திருக்கும்.
அன்றைய வாசலுக்குக் கண்ணாடிக் கதவு.
ஆள் கிட்டே போனால் தானாகத் திறக்கும்.

திரைக்கு உள்ளேயிருந்து தமிழ் கேட்டு
"யாரு?" என்றான்.
தெளிவாகத்தான் இருந்தான் அந்த நிமிஷம்.
டிரைவர் என்றேன். ஊர் சொன்னேன்.
"அபிராமம் பக்கமா" என்றான்.
பிறகு, "அண்ணே, ஏசியை நிறுத்தச் சொல்லுங்க.
காத்து பட்டா உசுரு போகுது."

பதினாலு வருஷமாகக்
குளிரைக் கெடாமல் காப்பவன் நான்.
சுவரில் ரிமோட்டைத் தேடினேன்,
இல்லை. நாற்காலி மேல் ஏறி
காற்று வரும் சட்டத்தில்
டெலிவரி நோட்டின் மஞ்சள் நகலை ஒட்டினேன்,
லிஜி பிளாஸ்டர் கிழித்துக் கொடுத்தாள்.
இன்னும் மூன்று துண்டு வேண்டியிருந்தது.

ஆபீஸில் கேட்டார்கள், நகல் எங்கே என்று.